மஞ்சள் கரிசலாங்கண்ணி தேடித் தாம்பரம் போனேன்

தாம்பரத்தில் போய் இறங்கிய மறுநாள் காலை மாமா என்னைக் காலனிப் பூங்காவுக்கு அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டியது, எங்கள் ஊரில் சாலை நடுவே நகராண்மைக் கழகத்து ஆட்கள் மெஷின் வைத்து வெட்டித் தள்ளும் ஒரு கொடியை. அதற்குச் செங்கல்லில் பாத்தி கட்டி, மூங்கில் வேலி போட்டு, பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பலகையில் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று எழுதி வைத்திருந்தார்கள். கீழே காலனி நலச் சங்கத்தின் பெயர், அதற்கும் கீழே செயலாளர் என்று மாமாவின் பெயர். பிரயாணக் களைப்பெல்லாம் போய் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. மலேசியாவில், ஈப்போ பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் மூலிகைத் தோட்டம் போட்டபோது, சாலையோரத்திலிருந்து இதே கொடியைப் பிடுங்கி வந்து நட்டு, இதே பெயரை எழுதி வைத்தவள் நானேதான். பூ மஞ்சள், தரையில் படர்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கோயில் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த குருக்கள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே, "டீச்சர், இது அது இல்லை" என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் அவரோடு சண்டை போட்டேன்.

பிறகு புத்தகங்களைப் புரட்டியதில் அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. எங்கள் கொடி அழகுக்காக அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. இலை மூன்றாகப் பிளந்து எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், பூவும் பெரிது. அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலையில் பிளவு கிடையாது. நீளவாக்கில் ஒடுங்கி, தொட்டால் சொரசொரக்கும். பூ சின்னது. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான் என்றாலும், அசல் செடி நம் மண்ணில் ஈரம் இருக்கும் இடத்தில் தானாக வேர்விட்டு, வருஷக்கணக்காக அங்கேயே கிடந்து தழைப்பது.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். பலகையைக் கழற்றி வையுங்கள், அசல் செடி வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். கார்த்திகையில் அத்தையின் தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று கடிதம் வந்தது. எங்களுக்கு வருஷக் கடைசி விடுமுறை. செடி கொண்டுவர அனுமதிக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இதெல்லாம் நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்திருந்தது.

ஆகவே நான் விட்ட அதே தப்பை மாமா பாத்தி கட்டி வளர்த்திருப்பதைப் பார்த்ததும் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், இலை வேறு மாதிரி இருக்கிறதே என்று. மாமா மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் ஒரு வாரப் பத்திரிகையின் கிழிந்த பக்கத்தை எடுத்து வந்தார். அதில் கட்டைவிரல் அளவில் ஒரு படம், அதுவும் கறுப்பு வெள்ளையில். மஞ்சள் பூவுக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தை அத்தாட்சியாகக் காட்டும் மனிதரிடம் என்ன பேசுவது?

அத்தை காப்பியோடு வந்து என்னைக் காப்பாற்றினாள். எங்கள் ஊர்க் கோப்பி, மார்ஜரினும் சீனியும் போட்டு வறுத்த கொட்டையில் தார் மாதிரி இறங்கும். அத்தையின் டிகாஷன் காப்பியைக் குடித்தால் எங்களுடையதைக் காப்பி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். வெங்காயச் சட்னியோடு அடை கொடுத்தாள். பசியாறிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்துதான் ஞானம்மாவின் கதை வந்தது.

ஞானம்மா பதினொரு வருஷமாக இந்தக் காலனியில் கீரை விற்றவள். ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூடையோடு நடந்து வருவாள். தினமும் முதல் கட்டு அத்தையின் கையில்தான். அத்தை போணி செய்தால் கூடை சீக்கிரம் காலியாகும், அந்தக் கைராசி வேறு யாருக்கும் இல்லை என்பது ஞானம்மாவின் நம்பிக்கை. அதனால் அத்தைக்குக் காய்ச்சல் என்றாலும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு கட்டு வாங்கிவிடுவாளாம். வாரத்தில் இரண்டு நாள் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் வரும். காலனியில் பாதி வீடுகள் அதற்காகவே காத்திருக்கும்.

பூங்காவில் செடி வைத்து, அதற்குப் பெயர்ப்பலகையும் மாட்டிய பிறகு, ஒருநாள் மாமா ஞானம்மாவின் கட்டை வாங்கிப் பலகைக்குக் கீழே இருந்த கொடியோடு வைத்துப் பார்த்திருக்கிறார். ஒத்துப்போகவில்லை. அன்றைக்கே வாட்ச்மேனிடம் சொல்லி அவளை உள்ளே விடக்கூடாது என்று நிறுத்திவிட்டார். போதாததற்குச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், போலிக் கீரை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும் என்று அழகான கையெழுத்தில் எழுதியும் போட்டாராம்.

"அப்படியானால் பதினொரு வருஷமாக நீங்கள் சாப்பிட்டது என்ன மாமா?" என்று கேட்டேன்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன். பதினொரு வருஷம் ஏமாந்திருக்கோம்" என்றார்.

அத்தை அடைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இரண்டு வாரமாகக் கீரை சமைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். அங்கே கிடைக்காதது இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். பழைய தையல் மெஷின், ஒற்றைக் கதவு, கிளிக்கூண்டு, யாரோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, பல் போன சீப்பு எல்லாம் மழைச் சேற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளில் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் இரவுச் சந்தையில் எல்லாம் புதுச் சாமானாக இருக்கும், பேரம் பேச மனசு வராது. இங்கே ஒரு கிழவர் துருப்பிடித்த பூட்டுக்கு அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டுக் கடைசியில் சாவி இல்லை என்று தெரிந்து போட்டுவிட்டுப் போனார்.

செடிக் கடைக்காரர் ஒருவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு பையை என் கையில் திணித்தார். உள்ளே அதே மினுங்கும் கொடி. "ஒரிஜினல் மஞ்ச கரிசலாங்கண்ணிமா. ஃபாரின் வெரைட்டி" என்றார். ஒரிஜினல் எப்படி ஃபாரின் வெரைட்டியாக இருக்கும் என்று கேட்டேன். அவர் அசரவில்லை. நாட்டு வகைக்குப் பூ சப்பையாக இருக்கும், அதை இப்போது யாரும் வாங்குவதில்லை, அதனால் கடையில் வைப்பதுமில்லை என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் எங்கேயிருந்து வருகிறேன் என்று விசாரித்துவிட்டு, வெளியூரிலேயே இருக்கிறவர்களுக்கு நம் மூலிகை அவ்வளவாகத் தெரியாது என்று ஆறுதலும் சொன்னார். என் வீட்டு வாசல் கால்வாயில் மண்டிக் கிடப்பதை எனக்கே விற்கப் பார்த்த மனிதர்!

திரும்பும்போது மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டி மழைத் தண்ணீரில் நின்றுவிட்டது. வண்டியில் வேர்க்கடலை வாசனையும் நனைந்த குடை வாசனையும். விமானப்படைக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண் தன் மகளிடம் இந்தியில் ஏதோ சொல்லிப் பெருமூச்சு விட்டாள். பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்: "குடிக்கத் தண்ணி இல்லைன்னு நாலு மாசம் முன்னாடி குடத்தோட நின்னோம், இப்ப தண்ணியால வீட்டுக்குப் போக முடியலங்கறாங்க." முக்கால் மணி நேரம் கழித்து ஜனங்கள் ஒவ்வொருவராகக் குதித்துத் தண்டவாளத்தோடு நடக்க ஆரம்பித்தார்கள். நானும் குதித்தேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. இன்னொன்றை நானே வீசி எறிந்தேன்.

சனிக்கிழமை காலை புதுச் செருப்போடு நேராகக் காலனி வாசலுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே, டீக்கடை ஓரத்தில் ஞானம்மா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. கூடையில் அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை. காலனிக்காரர்கள் யாராவது வெளியே வந்தால் வாங்குவார்கள் என்று காத்திருந்தாள். நான் கேட்டதும் உடனே எடுத்துக்கொடுக்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கூடையின் அடியில் ஈரச்சாக்கை விலக்கி ஒரு கட்டை எடுத்தாள்.

ஒடுங்கிய இலை, பிளவே இல்லை. விரலால் தடவினேன், பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருந்தது. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் பூ. நடுத்தெருவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

"அரைக்கீர எல்லாரும் விக்கிறாங்கம்மா. இதுக்கோசரந்தான் என்னைக் கூப்டு வாங்குவாங்க" என்றாள் ஞானம்மா. "இப்ப இதையே திருட்டுச் சரக்காட்டம் சாக்குக்கு அடியில வெச்சிகினு கீறேன்."

நான் யார் வீட்டுப் பெண் என்பதையும் வந்த விஷயத்தையும் சொன்னேன். கூடை காலியாகவில்லை என்றாலும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சேலையூரைத் தாண்டி ஏரிக்கரை வரை இருவரும் நடந்தோம். ஏரி நிறைந்து கிடந்தது. மதகுக்குக் கீழே, கசிவு நீர் எப்போதும் நனைக்கிற சரிவில், இரண்டு வீட்டு மனை அளவுக்கு அந்தச் செடி பாயாக விரிந்திருந்தது. மேலே பொட்டுப்பொட்டாக மஞ்சள் பூ. சாலையிலிருந்து பார்த்தால் வெறும் புல் என்றுதான் நினைப்பார்கள்.

அவள் அறுப்பதைப் பார்த்தேன். சின்ன அரிவாள். இடது கையால் நுனியைச் சேர்த்துப் பிடித்து, கீழே இரண்டு கணு விட்டு, மேலே மட்டும் அறுத்தாள். சரிவை மனதுக்குள் ஆறு பாகமாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு வாரம் அறுத்த பாகத்துக்கு மறுபடி வர ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் அது தழைத்துவிடும். எந்தப் பாகம் எந்த வாரம் என்று எழுதி வைக்கவில்லை, கேட்டால் டக்கென்று சொல்கிறாள். வேரில் மட்டும் கை வைக்கக்கூடாது, இழுத்தால் அந்த இடத்தில் கோரைதான் வரும் என்றாள். எனக்கு இரண்டு தண்டு அறுத்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். கணுவை மண்ணில் புதைத்தால் போதுமாம், வேர் விட்டுவிடுமாம்.

மத்தியானம் அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன். பாசிப்பருப்போடு அந்தக் கீரையைக் கடைந்து, நெத்திலிக் கருவாடு வறுத்திருந்தாள். லேசான கசப்பு, பின்னால் ஒரு மண் வாசனை. நான் இத்தனை நாள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய கீரையை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சாப்பிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் வேலை, மழையில் இரண்டு வாரமாக வேலை சரியாக இல்லை. கீரைதான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் பேஜார்.

கிளம்பும்போது, "உங்க மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா. என்னைப் போலின்னு எழுதினத அழிக்கச் சொல்லு. கேட்ட தொறந்தா போதும், நான் பொழைச்சிக்குவேன்" என்றாள்.

ஒரு வார்த்தையா? அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம் இருந்தது. நான் ஓராயிரம் வார்த்தை தயார் செய்துகொண்டு போனேன். பிள்ளையார் கோயிலை ஒட்டிய கொட்டகையில் இருபது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், சில டீச்சர்கள், ஒரு வங்கி அதிகாரி. இரண்டு இலைகளையும் சுற்றுக்கு விட்டேன். நீங்கள் வேலி போட்டு வளர்ப்பதை நாங்கள் மாதாமாதம் வெட்டி லாரியில் ஏற்றுகிறோம் என்றேன். ஒரு பெண் பதினொரு வருஷமாக உங்கள் வீட்டு வாசலில் அசலைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவளைப் போலி என்று எழுதிப் போட்டீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். வாத்தியார் குரல் எனக்கு, கொட்டகையில் கணீரென்று கேட்டது.

வெட்கமெல்லாம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. வங்கி அதிகாரி மட்டும், "ஃபாரின்லேர்ந்து வந்தவங்க சொல்றாங்க, கரெக்டாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. பதினொரு வருஷம் அந்தச் சரிவில் குனிந்து நிமிர்ந்தவள் சொன்னால் பொய், முந்தாநாள் வந்து இறங்கியவள் சொன்னால் மெய்! அதையும் சொன்னேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், நாட்டு வகை இந்தப் பக்கத்தில் நிஜமாகவே இருக்கிறதா, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று சந்தேகமாகக் கேட்டார்.

விடுவேனா? "இன்று காலையில் பார்த்தேன். ஏரியின் மதகுக்குக் கீழே, சரிவு முழுக்க. போய்ப் பாருங்கள்" என்றேன்.

மாமா நோட்டில் எழுதிக்கொண்டார். ஞானம்மாவைப் பற்றிய அறிவிப்பை அழிப்பது, அவளை மறுபடி உள்ளே அனுமதிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அதைத்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கை தட்டினார்கள். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திருநீர்மலையில் கல்யாணம். அடிவாரத்து மண்டபத்தில் அதிகாலை முகூர்த்தம். எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு என்றால் வரிசையில் தட்டோடு நின்று வாங்கிக்கொள்வதுதான். இங்கே இலை போட்டு, ஓடி ஓடி வந்து, வேண்டாம் என்று கையால் மறைத்தால் விரலிடுக்கில் பரிமாறுகிறார்கள். ரவா பொங்கலும் கொத்சும் அமிர்தம். தாலி கட்டியதும் மாமா காலனியில் அவசர வேலை என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். கொத்சுக்கு உயிரை விடுகிற மனிதர் ஏன் போகிறார் என்று அத்தைக்கே ஆச்சரியம். எனக்கு மூன்றாவது தடவை கொத்சு வந்ததால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நானும் அத்தையும் திரும்பி வந்த ஆட்டோ வழியில் தண்ணீரில் அணைந்துபோய், டிரைவரோடு சேர்ந்து நாங்களும் தள்ளி, காலனிக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. பூங்காவில் திருவிழாக் கூட்டம். எட்டுப் பத்துச் சாக்குகள் வரிசையாகக் கிடந்தன. மண்வெட்டி, கடப்பாரை. சாக்குகளில் வேரோடு, களிமண்ணோடு மஞ்சள் கரிசலாங்கண்ணி. மினுங்கும் கொடிகளுக்கு நடுவே குழி தோண்டி நட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் வீட்டுத் தொட்டிக்கு என்று பக்கெட்டில் அள்ளிக்கொண்டு போனார்கள். இலைகள் அப்போதே துவண்டுவிட்டிருந்தன. பலகையில் பெயருக்குக் கீழே 'அசல் நாட்டு வகை' என்று புதுப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது.

மாமா முழங்கால் வரை சேறாக நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா சரசு, ஒரே காலைல மொத்தத்தையும் கொண்டு வந்துட்டோம். இனிமே நாம எந்தக் கீரைக்காரியையும் எதிர்பார்க்க வேண்டாம்."

அவரை நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. கல்யாணப் பட்டுப் புடவையோடு பூங்கா நடுவில் நின்று கத்தினேன். நாட்டைத் திருத்தப் புறப்பட்ட கூட்டம், ஒருத்தருக்காவது மூளை இருக்கிறதா, நுனியை அறுத்துப் பிழைப்பவளின் வேரைப் பிடுங்கியிருக்கிறீர்களே என்றெல்லாம் கத்தினேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். மாமா நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீதானே எடம் சொன்னே?" என்றார்.

அத்தையின் பிடியை உதறினேன். ஏரியைப் பார்த்து நடந்தேன், கடைசியில் ஓடினேன்.

மதகுக்குக் கீழே சரிவு முழுக்கக் குழிகள். குழிகளில் கலங்கல் தண்ணீர் நின்றது. ஓரத்தில் நாலைந்து பிய்ந்த தண்டுகள் மிதந்தன. ஞானம்மா சேற்றில் குந்தியிருந்து, அறுந்து கிடந்த கணுக்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தியதில் பாதியைத் தண்ணீர் மறுபடி தூக்கிவிட்டது.

எதையாவது சொல்ல வேண்டும் என்று, தீர்மானம் போட்டாகிவிட்டது, அறிவிப்பை அழித்துவிட்டார்கள், நாளையிலிருந்து நீ உள்ளே வரலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே என் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க மாமா என்னைக் கேட்டு வாசலாண்டதாம்மா நிறுத்துனாரு" என்றாள். "இங்க வர்றதுக்கு வழி சொன்னது யாரு, நீயா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் திரும்பிக்கொண்டு, சேற்றுக்குள் கையை விட்டு மிச்சமிருக்கும் வேரைத் துழாவ ஆரம்பித்தாள்.